துணி, இரும்பு, காகிதம்: ஜார்ஜ் கோட்டையிலிருந்து சிவமொக்கா வரை ஐந்து நாள்

முதல் நாள், சனி. சென்னை, ஜார்ஜ் கோட்டை

கொடி, ஆயுதம், போர்க்காலப் படம் என்று போர்ப் பொருள்களைப் பார்த்துப் படிக்கப் போகும் பயணம் இது. கிளம்பும் கிழமையை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. கர்நாடக அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. சனியன்று சென்னையில் தொடங்கி மேற்கே போனால் இரண்டிலும் மாட்டாமல் முடித்துவிடலாம். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையும் ஒரு சின்னப் பையும் போதும்.

அருங்காட்சியகக் கட்டடம் 1795-இல் முடிந்தது. கீழே வங்கி, மாடியில் வணிகர்கள் கூடும் நீள அறை என்று இருந்த இடம், 1948-இல் அருங்காட்சியகமானது. நுழைந்ததும் கீழே நிற்காமல் நேரே மேலே ஏறிக் கொடியைப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி அது. பட்டு, நீளம் சுமார் 12 அடி, அகலம் 8 அடி. 2013 முதல் பார்வைக்கு இருக்கிறது. அறை மங்கலாக இருக்கும், அது வேண்டுமென்றே செய்தது. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; பட்டுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது எங்கும் பின்பற்றும் அளவு. ஒளியால் வரும் சேதம் அன்றன்று முடிந்துபோவதில்லை, கூடிக்கொண்டே போகும். 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ் மணி. அதே கொடியை 200 லக்ஸில் வைத்தால் நாலு ஆண்டுச் சேதம் ஒரே ஆண்டில் வந்துவிடும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். நிறம் தானாகத் தெளியும். டார்ச் அடிக்காதீர்கள்.

பேழையின் அடியில் கிண்ணங்களில் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில். வெளியே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 70 சதவீதத்தைத் தாண்டும். ஜெல் அந்த ஈரத்தை உறிஞ்சும். நிறம் காட்டும் வகையாக இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும், அல்லது ஆரஞ்சு பச்சையாகும். அப்போது அதை எடுத்து 100 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்துத் திரும்ப வைக்க வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை அப்படியே விட்டால், பிடித்துவைத்த ஈரத்தைப் பேழைக்குள்ளேயே திரும்ப விடும். இன்னொரு தவறும் நடக்கும்: ஜெல்லை அளவுக்கு மீறிக் கொட்டினால் பட்டு வறண்டு, மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறியும். பட்டுக்கு வேண்டியது 50 சதவீதத்தை ஒட்டிய, ஏறி இறங்காத ஈரம். எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இரும்புக்கு மட்டுந்தான் பொருந்தும். இந்தப் பயணம் முழுக்க இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணி, இரும்பு, காகிதம் மூன்றுக்கும் எதிரி வேறு வேறு. ஆனால் போர்ப் பொருள் என்று சொல்லி மூன்றையும் பெரும்பாலும் ஒரே அறையில் வைத்துவிடுகிறோம்.

எந்தக் கொடியைப் பார்த்தாலும் கம்பத்தை ஒட்டிய ஓரத்தையும் எதிர் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். காற்றில் பறந்த கொடியில் எதிர் ஓரம்தான் முதலில் நைந்து நூல் பிரியும். கம்பத்தோரம் நைந்து மற்றது நன்றாக இருந்தால், அது பறந்ததால் வந்த தேய்மானம் அல்ல; பல காலம் சுவரில் தொங்கவிட்டதால் தன் எடையே இழுத்த சேதம். படைப்பிரிவுக் கொடிகளுக்கு இதுதான் நேர்ந்தது. பிரிட்டிஷ் காலாட்படைக் கொடி 18-ஆம் நூற்றாண்டில் 6 அடி 6 அங்குலத்துக்கு 6 அடி, பட்டு, கம்பம் 9 அடி 10 அங்குலம். 1858-இல் 4 அடிக்கு 3½ அடியாகவும், 1868-இல் 3 அடி 9 அங்குலத்துக்கு 3 அடியாகவும் சுருக்கினார்கள். அட்டையில் ஆண்டு இல்லாவிட்டாலும் அளவை வைத்தே காலத்தை நெருங்கிவிடலாம். ஓய்வுபெற்ற கொடியைத் தேவாலயத்தில் தொங்கவிட்டு, தானே உதிரும்வரை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பின்னாளில் காப்பாற்ற நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் வலைத்துணி வைத்துத் தைத்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஒவ்வொரு தையலும் நொய்ந்த பட்டில் புதிதாக ஓர் ஓட்டை. இப்போது தட்டையாக அல்லது சற்றே சாய்வான பலகையில் பரப்புகிறார்கள். இடமில்லை என்றால் அமிலமில்லாத குழாயில் சுருட்டி வைப்பார்கள். மடிக்கவே கூடாது.

பிரிட்டனின் யூனியன் கொடியைக் கண்டால் இன்னொரு சோதனை. சிவப்பு மூலைவிட்டக் கோடு 1801 ஜனவரி 1-இல்தான் சேர்ந்தது. 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைப் படத்தில் அந்தச் சிவப்புக் கோடு இருந்தால், வரைந்தவர் பிற்காலத்தவர், அல்லது நேரில் பார்க்காதவர். நான்காம் நாள் இது உதவும்.

இறங்கும்போது இரண்டு பொருள்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, மரக்கூண்டு. மெட்ராஸ் பீரங்கிப்படையின் கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரதர் 1840-இல் சீனாவில் பிடிபட்டு அடைபட்டிருந்த கூண்டு. நிமிர்ந்து நிற்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. அவர் நன்றாகப் படம் வரைவார். காவலர்களுக்கு வரைந்து கொடுத்துத்தான் கொஞ்சம் நல்ல நடத்தையைப் பெற்றார். போர்க்காலப் படம் என்றால் போர்க்களத்தைக் காட்டுவது என்று நினைப்போம். சிறைப்பட்டவன் கையில் அது சோறாகவும் இருந்திருக்கிறது. கூண்டு இங்கே இருக்கிறது, படங்கள் இல்லை. இன்னொன்று, எம்டன் குண்டின் சிதறல். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் 10.5 செ.மீ. பீரங்கிகளால் பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டது. சிதறலின் ஓரத்தைப் பாருங்கள். கிழிந்த கூர்விளிம்பு என்றால் வெடித்த குண்டு. மழுங்கிய விளிம்பு என்றால் பின்னால் தேய்ந்தது அல்லது துரு தின்றது. வெளியே வந்து உயர் நீதிமன்றப் பக்கம் நடந்தால் கிழக்கு மதிலில் அந்த இரவுக்கான கல்வெட்டும் இருக்கிறது.

கீழே படிக்கட்டருகில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலை, தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. பீடத்தில் திப்புவின் இரு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி இருக்கிறது. இந்தப் பயணத்தின் மீதிக் கதை அங்கிருந்துதான் நீள்கிறது. குனிந்து பாருங்கள்.

இரண்டாம் நாள், ஞாயிறு. எழும்பூர்

ஆயுதக்கூடத்தின் முக்கியச் சேகரிப்பு தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தது. 1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசைச் சேர்த்துக்கொண்டது. ஆயுதசாலையில் இருந்தவற்றில் பெரும்பங்கை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். தேர்ந்தெடுத்து ஒதுக்கிய சிறு பங்குதான் இன்று இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு கட்டாரியையும் வேகமாகக் கடந்துபோக மனம் வராது.

கட்டாரியில் பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கிக் குத்துவதற்கு. முனை தடித்திருந்தால் அது அழகுக்கல்ல, சங்கிலிக் கவசத்தின் வளையத்தைப் பிளக்க. தென்னாட்டுக் கட்டாரிகளில் விரல்முட்டியை மூடும் பாய்விரித்தது போன்ற தகடு உண்டு. அதில் யாளி வேலைப்பாடு இருக்கும். பிடியும் அலகும் சேரும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் நாக்குப்போல் இறங்கும் பட்டைக்கு நடுவே அலகைச் செருகி, ஆணி அறைந்திருப்பார்கள். அலகில் ஓடும் பள்ளக்கோடு அந்தப் பட்டைக்குள் நுழைந்து பாதியில் வெட்டுப்பட்டது போல நின்றால், அந்த அலகு இதற்காக அடித்ததல்ல. நீளமான ஐரோப்பிய வாளை வெட்டி மாட்டியது. துறைமுகங்களில் வந்திறங்கிய அலகுகளுக்கு இங்கே நல்ல கிராக்கி. தஞ்சைப் பட்டறைக்காரர் அதை எப்படித் தன் ஆயுதமாக்கினார் என்பது அந்த இரண்டு அங்குலத்தில் தெரிகிறது.

தந்தத்தில் செய்த இரண்டு வளரிகள் தஞ்சை ஆயுதசாலையிலிருந்தும், மரத்தில் செய்த ஒன்று புதுக்கோட்டையிலிருந்தும் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தவை. எல்லாப் பொருளும் எப்போதும் பார்வையில் இருப்பதில்லை. காணவில்லை என்றால் பணியாளரிடம் கேளுங்கள். பிறை வடிவம், ஒரு நுனி கனம், மறு நுனி லேசு. லேசான நுனியைப் பிடித்துத் தோளுக்கு மேலே சில சுற்றுச் சுழற்றி, வேகம் ஏறியதும் விடுவது முறை. இரண்டு நுனியின் பருமனையும் ஒப்பிட்டாலே எந்தப் பக்கம் கைப்பிடி என்று புரிந்துவிடும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு வளரி வீசக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்றும், நூறு கஜத்துக்குள் எந்தக் குறியையும் தப்பாமல் எறியலாம் என்றும் எழுதினார். அந்தச் சின்ன மருதுவைத்தான் கம்பெனி 1801-இல் தூக்கிலிட்டது. பிறகு பாளையங்களில் ஆயுதப் பறிமுதல் நடந்தது. வளரி இவ்வளவு அரிதாகக் கிடைப்பதற்கு அதுவும் காரணம்.

இரும்பின் நிலையை எட்ட நின்றே படிக்கலாம். கரும்பழுப்பில் கெட்டியாக ஒட்டியிருக்கும் துரு தூங்கும் துரு, அதனால் பயமில்லை. ஆரஞ்சு நிறப் பொடியும், நடுவே சின்னச் சின்ன ஈரக் கொப்புளமும் தெரிந்தால் துரு விழித்திருக்கிறது என்று பொருள். கடற்காற்றின் உப்பு உலோகத்துக்குள் புகுந்துவிட்டது. மேலே என்ன பூசினாலும் உள்ளே வேலை நடக்கும். முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும். அதன்பின் தூரிகையால் தளர்ந்த துருவை எடுத்து, டேனிக் அமிலம் தடவி, நன்றாக உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் (நுண்படிக) மெழுகை மெல்லியதாகப் பூச வேண்டும். உலராத இரும்பில் மெழுகு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் மிகப் பெரிய கேடு. நம் உருக்கு அலகுகளின் மேல் நீர்க்கோடு போல ஓடும் வரிகள் மேற்பரப்பில் மட்டுமே புலப்படும். ஒரு தடவை தேய்த்தால் போயிற்று. அமிலத்தில் மறுபடி வரவழைக்கத் தெரிந்தவர் இருந்தால் உண்டு. இந்த வளாகத்திலேயே 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. எஸ். பரமசிவன் தொடங்கிவைத்த மின்பகுப்பு முறையில் எத்தனையோ உலோகப் பொருள்களை மீட்டிருக்கிறார்கள். நாட்டிலேயே இத்துறையில் முன்னோடி.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் கொல்ல, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, சுற்றிக் கறுப்புத் துணியால் மூடுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) வைத்திருந்தால் கண்ணாடிக்கு நேரே நின்று பயனில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, செங்குத்திலிருந்து 55 டிகிரிச் சாய்வில் பார்த்தால்தான் அது வேலை செய்யும்.

மூன்றாம் நாள், திங்கள். புள்ளலூர், வேலூர்

காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் இறங்கிவிட்டுப் போங்கள். 1780 செப்டம்பர் 10-இல் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்த களம். இப்போது வயல். வெள்ளை அதிகாரிகளுக்கான இரண்டு நினைவுத்தூண்கள் மட்டும் நிற்கின்றன. நிலம் எவ்வளவு தட்டையானது, மறைவிடம் எவ்வளவு குறைவு என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இதே இடத்தைச் சுவரில் பார்க்கப் போகிறோம்.

வேலூர்க் கோட்டையில் மத்தியத் தொல்லியல் துறையின் காட்சிக்கூடமும் மாநில அரசு அருங்காட்சியகமும் தனித்தனியாக உண்டு. 1806 ஜூலை 10 அதிகாலை சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, பிரிட்டிஷ் 69-ஆம் படைப்பிரிவைத் தாக்கி, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி, நெற்றிச் சின்னத்துக்குத் தடை, தாடி மழிப்பு ஆகியவை நேர்க்காரணம். அன்றே ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். கோட்டை மறுபடி வீழ்ந்தது. எழுந்த படைப்பிரிவுகளைக் கலைத்து, அவற்றின் எண்ணையே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஒரு பிரிவைக் கலைத்தால் அதன் கொடியும் போய்விடும். போற்றிப் பாதுகாக்க யாருமில்லாத கொடி அருங்காட்சியகத்துக்கு வராது. கொடிக்கூடங்களில் எப்போதும் வென்றவர் கொடிதான் அதிகம் என்பதற்கு இது ஒரு நேரான விளக்கம்.

கோட்டைகளில் வெளியே கிடக்கும் பிரிட்டிஷ் இரும்புப் பீரங்கிகளைப் படிக்க ஒரு வழி. குழலின் மேல், பின்பக்கமாக, இடைவெளி விட்டு மூன்று எண் வெட்டியிருக்கும். அது ஆண்டல்ல, எடை. முதல் எண் ஹண்ட்ரெட்வெயிட், அதாவது 112 பவுண்டு; இரண்டாவது அதில் கால் பங்கு, 28 பவுண்டு; மூன்றாவது வெறும் பவுண்டு. 24-2-10 என்றிருந்தால் 2,688, 56, 10 மூன்றையும் கூட்டி 2,754 பவுண்டு. சுமார் 1,250 கிலோ. ஆண்டுதோறும் பெயின்ட் அடித்து அடித்து இந்த எண்கள் மூடிப்போகின்றன. வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். விரலால் தடவினாலும் சிலவற்றில் தட்டுப்படும்.

நான்காம் நாள், செவ்வாய். ஸ்ரீரங்கப்பட்டணம்

காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு, அங்கிருந்து மைசூரு வண்டியில் ஸ்ரீரங்கப்பட்டணம். தரியா தௌலத் பாக் 1784-இல் திப்பு கட்டிய தேக்கு மாளிகை. மேற்குச் சுவருக்குப் போங்கள். பொள்ளிலூர்ப் போர் என்று எழுதியிருப்பது நேற்று நாம் நின்ற புள்ளலூர்தான். கம்பெனிப் படை சதுரமாகக் குறுகி நிற்கிறது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில். வெடிமருந்து வண்டிகள் வெடிக்கின்றன. பிரெஞ்சுத் தளபதி லாலி தூரக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். வெடிமருந்து வண்டி வெடித்ததுதான் அன்றைய போரின் திருப்பம். ஓவியர் அதைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்.

ஆனால் இன்று பார்ப்பது 1784-இன் வண்ணம் மட்டும் அல்ல. 1799-க்குப் பின் இங்கே தங்கிய பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி சீர்செய்ய வைத்தார். மறுபடி மங்கி, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி உத்தரவில் 1850-களில் மீண்டும் தீட்டினார்கள். ஆகவே ஒரு சீருடைப் பொத்தானின் எண்ணிக்கையை வைத்து வாதம் செய்ய இந்தச் சுவர் உதவாது. படையணிகளின் அமைப்பு, யார் எங்கே, எது நடுவில் என்பதற்கு உதவும். முகங்களை விட்டு முதலில் அமைப்பைப் படியுங்கள்.

உள்ளே படங்கள். போர்க்காலப் படத்தின் முன் நின்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வரைந்தவர் அன்று எங்கே இருந்தார்? ராபர்ட் ஹோம் 1791, 92-இல் காரன்வாலிஸ் படையோடே வந்து வரைந்தவர். கோல்புரூக் நில அளவை அதிகாரி, மலையின் விளிம்பைக் கூட அளந்து கோடு போடுவார். தாமஸ் ஹிக்கி கோட்டை விழுந்தபின் திப்புவின் மகன்களை எதிரே உட்கார வைத்துத் தீட்டினார். அந்தப் பென்சில் முகங்களின் முன் அவசரப்படாதீர்கள். தந்தையையும் ஊரையும் இழந்த பிள்ளைகள் அவர்கள், வேலூருக்குப் போனவர்கள். உடையில் இரண்டு மூன்று கோட்டோடு நிறுத்திவிட்டுக் கண்ணிலும் உதட்டிலும் மட்டும் முழு உழைப்பையும் போட்டிருக்கிறார். ராபர்ட் கெர் போர்ட்டரின் கதை நேரெதிர். கோட்டைத் தகர்ப்பைக் காட்டும் புகழ்பெற்ற பெருங்காட்சியை 1800-இல் லண்டனில் சுமார் 120 அடி நீளத்தில் வரைந்தார். அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. திரும்பிப்போன அதிகாரிகளிடம் கேட்டு ஆறு வாரத்தில் முடித்தார். மூலம் அழிந்துவிட்டது, அதன் அச்சுப்படங்கள் உலகெங்கும் பரவின. நம் மனதில் இருக்கும் 1799 மே 4, கோட்டை விழுந்த அந்த நாள், பெரும்பாலும் அவர் கற்பனை செய்ததே. இங்கும் அந்தக் காட்சி தொங்குகிறது. ஹிக்கியின் சின்னத் தாளுக்கு நான் தரும் மதிப்பு இதற்கு வராது.

அச்சுப்படங்களில் ஒரு சோதனை: வீரர்கள் எல்லோரும் இடக்கையில் வாள் பிடித்திருந்தால், செதுக்கியவர் தகட்டில் இடவலமாக மாற்றாமல் அப்படியே நகலெடுத்திருக்கிறார், பெரும்பாலும் நகலின் நகல்.

காகிதத்தின் நோய்களும் கண்ணுக்குத் தெரியும். படத்தைச் சுற்றி, அட்டைச் சாளரத்தின் விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு ஓடினால் அது அமில அட்டை எரித்த தடம். சிதறிய பழுப்புப் புள்ளிகள் ஈரத்தால் வந்தவை. பென்சிலின் கிராஃபைட் வெளிச்சத்துக்கு மங்காது, அடியில் இருக்கும் தாள்தான் மஞ்சளாகி, கோட்டுக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும். கரிக்கோடு என்றால் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது, நடுவே இடைவெளி வேண்டும். உடையாது என்று அக்ரிலிக் தகடு போட்டால், துடைக்கும்போது ஏறும் நிலைமின்சாரம் கரித்துகளைத் தாளிலிருந்து உரித்து எடுத்துவிடும். கரிக்கோட்டுப் படத்துக்குக் கண்ணாடியே சரி.

திப்புவின் பீரங்கி, துப்பாக்கிகளில் புலிவரி தெரிந்தால் அருகே எண்ணையும் தேடுங்கள். அவர் ஹிஜ்ரியை விட்டு மௌலூதி என்ற வேறோர் ஆண்டுக் கணக்கைப் புகுத்தினார், இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதவைத்தார். 5221 என்றிருந்தால் 1225 என்று படிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், புதன். சிவமொக்கா

மைசூருவிலிருந்து ரயில் உண்டு. சிவப்ப நாயக்க அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போவது ஹைதர், திப்பு காலத்து மைசூர்ப் படையின் ராக்கெட்டுக்காக. நகரா என்ற ஊரில், பாழ்கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து வாடை அடித்ததால் தோண்டினார்கள். 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் வந்தன. அதற்கு முன் உலகம் பெரும்பாலும் சுட்டிக்காட்டியது லண்டனின் வுல்விச்சில் இருந்த இரண்டைத்தான்.

குழாயின் நீளம் 23 முதல் 26 செ.மீ. ஒரு முனை அடைப்பு, மறுமுனையில் தீ சீறும் துளை. காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும், அதனால் மருந்தை இறுக்கி இடிக்கலாம். அதனால்தான் ஒரு கிலோமீட்டர் வரை போயிற்று. இதைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டைச் செய்தார். குழாய்கள் ஒன்றோடொன்று அளவில் ஒத்துப்போவதில்லை. கையால் தகட்டைச் சுருட்டி அடித்தவை. வரிசையாக வைத்திருப்பதில் விட்டத்தை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே போங்கள், பட்டறையின் கை தெரியும். உள்ளே வெடியுப்பு தங்கியதால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. பல குழாய்கள் பக்கவாட்டில் பிளந்திருப்பது வெடித்ததால் அல்ல. வெடித்த பிளவில் உதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கும். துருவின் பிளவு நீளவாக்கில், அடுக்கடுக்காக உரிந்திருக்கும்.

இவற்றைத் தோலால் மூங்கிலில் கட்டி விட்டார்கள். மூங்கில் இல்லாவிட்டால் குழாய் கரணம் போட்டு விட்டவன் மேலேயே திரும்பும். கிணற்றில் தோலும் மூங்கிலும் எஞ்சவில்லை. குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும், கட்டு அழுந்திய இடமாக, துரு மெலிந்த பட்டை ஏதும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள்.